நீச்சலுடைக்குத் தடை, துண்டு கட்டாயம்! ஜெர்மன் சௌனாவில் முதல் நாள் எப்படி இருக்கும்?

கதவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பலகை. அதில் நீச்சலுடைப் படம். படத்தின் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஜெர்மனியில் முதல்முறை சௌனாவுக்குப் போகும் வெளிநாட்டினர் பலர் அப்படியே நின்றுவிடும் இடம் இதுதான். கையில் நீச்சலுடை, தோளில் துண்டு, மனசுக்குள் ஒரே கேள்வி... 'எல்லோர் முன்னாடியும் துணியில்லாமலா?'

ஆமாம். பெரும்பாலான இடங்களில் ஆண்களும் பெண்களும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரி வயதுக்காரர்களும் இருப்பார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருப்பார்கள்.

படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனி போகும் நம்மவர்களுக்கு இது வெறும் வேடிக்கைச் செய்தி அல்ல. "சனிக்கிழமை சௌனா போறோம், வர்றியா?" என்று அலுவலக நண்பர்கள் காபிக்குக் கூப்பிடுவதுபோல சாதாரணமாகக் கேட்டுவிடுவார்கள். தங்கும் ஹோட்டலில் இருக்கும் சௌனாவிலும் பெரும்பாலும் இதே விதிதான். தெரியாமல் கதவைத் திறந்து, திகைத்துப்போய்த் திரும்பி ஓடி வருபவர்களும் உண்டு.

துணி ஏன் கூடாது?

அங்கே சொல்லப்படும் முதல் காரணம் சுத்தம். ஃபின்லாந்து பாணி சௌனாவில் வெப்பம் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்தச் சூட்டில் உடம்பு வியர்வையை வெளியேற்றித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஈரமான நைலான் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டால் வியர்வை ஆவியாவது தடைபடும். நீச்சல் குளத்தின் குளோரின் துணியில் தங்கியிருந்தால், அதுவும் சூட்டில் ஆவியாகி மற்றவர்களின் மூக்கில் ஏறும்.

இரண்டாவது காரணம் வரலாறு. 19-ம் நூற்றாண்டின் இறுதியில், தொழிற்சாலைப் புகையும் நெரிசலுமாக ஜெர்மன் நகரங்கள் பெருத்தபோது, 'வெயில், காற்று, தண்ணீர் உடம்பில் நேரடியாகப் பட வேண்டும்' என்று ஓர் இயக்கம் கிளம்பியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'எஃப்.கே.கே.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'ஃப்ரைகோர்பர்குல்டூர்'. தமிழில் 'சுதந்திர உடல் பண்பாடு' எனலாம். பின்னாளில் கிழக்கு ஜெர்மனியின் பால்டிக் கடற்கரைகளில் குடும்பம் குடும்பமாக உடையின்றிக் குளிப்பது மிகச் சாதாரணமாக இருந்தது.

சௌனா ஜெர்மனிக்கு ஃபின்லாந்திலிருந்து வந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது, ஃபின்லாந்து வீரர்களுக்காக விளையாட்டுக் கிராமத்திலேயே ஒரு சௌனா கட்டப்பட்டது. ஆனால், ஃபின்லாந்தின் பொது சௌனாக்களில் ஆண், பெண் தனித்தனியாகக் குளிப்பதே வழக்கம். கலந்து உட்காரும் பழக்கம் ஜெர்மனியில் வேரூன்றியது.

உள்ளே போனால்...

நுழைவில் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். லாக்கர் திறக்கவும், உள்ளே சாப்பிட்டதற்குக் கணக்கு வைக்கவும் அதுதான். போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சௌனா பகுதியில் போனும் கேமராவும் கூடாது என்பதில் சமரசமே கிடையாது.

கொண்டுபோக வேண்டியவை: இரண்டு பெரிய துண்டுகள், குளியல் அங்கி, ரப்பர் செருப்பு. அறைகளுக்கு வெளியே நடக்கும்போதும், சாப்பிடும்போதும் அங்கி அணிந்துதான் இருப்பார்கள். சௌனா அறை, ஷவர், குளிர்நீர்த் தொட்டி ஆகிய இடங்களில்தான் உடை இல்லை.

முதலில் சோப்புப் போட்டுக் குளித்து, நன்றாகத் துவட்டிக்கொள்ள வேண்டும். உலர்ந்த உடம்பு சீக்கிரம் வியர்க்கும். பிறகு அங்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, துண்டோடு உள்ளே போக வேண்டும்.

முதல்முறை போகிறவர் பதறுவது அந்த நொடியில்தான். ஆனால், கதவைத் திறந்ததும் முகத்தில் அறைவது சூடான காற்றுதான். மங்கலான வெளிச்சத்தில் சிலர் கண்ணை மூடிப் படுத்திருப்பார்கள். ஓரிருவர் தலையசைத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வார்கள். மற்றவர்களை உற்றுப் பார்ப்பது இங்கே பெரிய அநாகரிகம். ஜோடிகளின் நெருக்கத்துக்கும் அனுமதியில்லை. மீறினால் ஊழியர்கள் வெளியேற்றிவிடுவார்கள்.

அப்படியானால் புதிதாக வருபவர்கள் எதற்குத் திட்டு வாங்குகிறார்கள்? துண்டுக்கு! 'மரத்தில் வியர்வை படக் கூடாது' என்பதுதான் ஜெர்மன் சௌனாவின் தலையாய விதி. உட்கார்ந்தாலும் படுத்தாலும் உள்ளங்கால் உட்பட உடம்பு முழுக்கத் துண்டின் மேல்தான் இருக்க வேண்டும். கால் பலகையில் பட்டால், பக்கத்தில் இருக்கும் பெரியவர் கண்ணைத் திறந்து சுட்டிக்காட்டுவார். உடையில்லாமல் வந்ததை யாரும் கவனிக்கவில்லை, கால் துண்டுக்கு வெளியே போனதைக் கவனித்துவிட்டார்கள் என்று புரியும்போதே பாதிக் கூச்சம் போய்விடும்.

'ஆஃப்குஸ்' எனும் ஆவித் திருவிழா

பல சௌனாக்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை நடப்பது 'ஆஃப்குஸ்'. 'சௌனாமைஸ்டர்' எனப்படும் ஊழியர் வாளியோடு வந்து, வாசனை எண்ணெய் கலந்த தண்ணீரைக் கொதிக்கும் கற்களின் மேல் ஊற்றுவார். 'உஸ்ஸ்' என்று ஆவி கிளம்பும். துண்டைச் சுழற்றி அந்த ஆவியை ஒவ்வொருவர் பக்கமும் விசிறுவார். ஈரப்பதம் கூடியதும் அதே வெப்பம் இரண்டு மடங்குபோலத் தோன்றும். இது சுமார் பத்து நிமிடம் நடக்கும். முடிந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். நடுவில் கதவைத் திறந்து உள்ளே வரக் கூடாது. தாங்க முடியாதவர்கள் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சூடான காற்று மேலே ஏறும் என்பதால், புதியவர்களுக்குக் கீழ்ப்படிதான் நல்லது. 8 முதல் 15 நிமிடம் போதும். படுத்திருந்தால் கடைசி இரண்டு நிமிடம் எழுந்து உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால் தலை சுற்றாது. பிறகு திறந்தவெளிக் காற்று, குளிர்ந்த ஷவர், மனம் இருந்தால் குளிர்நீர்த் தொட்டி. அதன்பின் போர்வைக்குள் ஓய்வு. இது ஒரு சுற்று. பொதுவாக இரண்டு, மூன்று சுற்றுகள் போவார்கள்.

17 படிகள் கொண்ட பழைய அரண்மனைக் குளியல்

பழைமையை விரும்புபவர்களின் தேர்வு, பாடன்-பாடன் நகரின் ஃப்ரீட்ரிக்ஸ்பாட். 1877-ல் திறக்கப்பட்ட இந்தக் குளியல் மாளிகைக்கு அடியில் ரோமானியர் காலத்துக் குளியலறை இடிபாடுகள் இருக்கின்றன. பூமிக்குள்ளிருந்து இயற்கையாக வரும் வெந்நீரும், ரோமானிய, ஐரிஷ் குளியல் முறைகளும் இங்கே சேர்கின்றன. சுமார் 54 டிகிரி வெப்ப அறை, 68 டிகிரி வெப்ப அறை, சோப்பும் தூரிகையும் வைத்துத் தேய்த்துவிடும் மசாஜ், நீராவி, மெல்ல மெல்லச் சூடு குறையும் குளங்கள், 18 டிகிரி குளிர்நீர், கடைசியில் ஓய்வறை, வாசிப்பறை என 17 படிகள். இங்கும் பாரம்பர்யமாக உடையில்லாக் குளியல்தான்.

பாடன்-பாடனுக்கு 1878-ல் வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், தன்னுடைய மூட்டு வலியை அந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகப் பின்னர் கிண்டலாக எழுதினார். இந்நகரம் உட்பட ஐரோப்பாவின் 11 வெந்நீரூற்று நகரங்களை 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது.

'எனக்கு வேண்டாம்' என்றால்?

தாராளமாகச் சொல்லலாம். இது உங்கள் உடம்பு, முடிவும் உங்களுடையது. "நன்றி, எனக்கு இது சரிவராது" என்ற ஒரு வரி போதும். ஜெர்மானியர்கள் நேரடியாகப் பேசுபவர்கள். நேரடியான பதிலையும் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். அலுவலக ஆட்களோடு போகத்தான் கூச்சம் என்றால், தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊரில் தனியாகப் போய்ப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இடைவழிகளும் உண்டு. பல சௌனாக்களில் வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். 'டாமன்டாக்' என்று கேட்டால் சொல்வார்கள். பாடன்-பாடனிலேயே இருக்கும் காரகல்லா குளியலகத்தில் கீழ்த்தள வெந்நீர்க் குளங்களுக்கு நீச்சலுடையோடுதான் போக வேண்டும். மேலே உள்ள சௌனா பகுதியில் மட்டும்தான் உடை கூடாது. பொது சௌனாக்களிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்காருபவர்கள் உண்டு. பெரும்பாலும் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

இதை மறக்காதீர்கள்

* இதயப் பிரச்னை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

* காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். மது அருந்திவிட்டுப் போகவே கூடாது.

* வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் வேண்டாம். வெளியே வந்ததும் தண்ணீர் குடியுங்கள்.

* மெதுவாகப் பேசுங்கள். குளிர்நீர்த் தொட்டியில் இறங்கும் முன் ஷவரில் வியர்வையைக் கழுவிவிடுங்கள்.

* கலப்பு நாளா, பெண்கள் நாளா என்பதைக் கிளம்பும் முன்பே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

* முக்கியமாக, இரண்டாவது துண்டு! ஒன்றே ஒன்று கொண்டுபோனால், வியர்வையில் ஊறிய அதே துண்டில்தான் தலை துவட்ட வேண்டியிருக்கும்.