கடைசி சேம்பருக்கு அப்பால்

சென்னையில் தரைத்தளத்தில் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மேலே மூன்று மாடிகள். மாடிக்காரர்கள் யார் தண்ணீர் புழங்கினாலும், இவர் வீட்டுக் குளியலறையில்தான் கழிவுநீர் எதிர்த்து வருகிறது. "அடைப்பு தெருவில் இருக்கிறது" என்கிறார் ஒரு பிளம்பர். "காம்பவுண்டுக்குள்தான்" என்கிறார் இன்னொருவர். "ஒரு ஆளை உள்ளே இறக்கினால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்று அவரே கூலியும் சொல்லியிருக்கிறார். இது யார் வேலை, யார் செலவு என்பது வாசகியின் கேள்வி.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவன். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலைப் பொதுப்பணித் துறை பார்த்துக்கொள்ளும். மடை தாண்டி வயலுக்கு வரும் வாய்க்காலில் புல் மண்டினால் தாத்தா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். அதற்காக யாருக்கும் அவர் மனு எழுதியதில்லை. கழிவுநீர்க் குழாய்க்கும் இதே பங்கீடுதான், திசை மட்டும் தலைகீழ். வயலில் பெரியது சிறியதாகப் பிரிந்து வருகிறது. இங்கே சிறியது பெரியதில் போய்ச் சேர்கிறது. காம்பவுண்டுக்குள் ஓடும் குழாயும் சேம்பர்களும் வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவில் ஓடும் குழாயும் மேன்ஹோலும், சென்னையில் 1978-இல் அமைந்த குடிநீர், கழிவுநீர் அகற்று வாரியத்தின் பொறுப்பு.

எல்லா ஊரிலும் கோடு ஒரே இடத்தில் விழுவதில்லை. அமெரிக்காவின் பல நகரங்களில் சாலைக்கு அடியில் பெரிய குழாயைத் தொடும் இடம்வரை வீட்டுக்காரர் கணக்குதான். இங்கிலாந்தில் மனைக்கு வெளியே போகும் இணைப்புக் குழாய்களில் பெரும்பாலானவை 2011 அக்டோபர் 1 அன்று தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாறின.

அடைப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, தெருவுக்கு முன்னால் இருக்கும் கடைசி சேம்பரின் மூடியைத் திறந்தால் போதும். அது ததும்பி நின்றால் அடைப்பு தெருப்பக்கம். அது காலியாக இருக்க வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் நின்றால், அடைப்பு உங்கள் பக்கம்.

உங்கள் பக்கம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது வாட்டம். இந்தக் குழாய்க்கு மோட்டார் கிடையாது. சரிவு ஒன்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. நாலு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம், ஆறு அங்குலத்துக்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்பது பழைய கணக்கு. தெருக் குழாயில் நீர் நொடிக்கு 60 சென்டிமீட்டராவது ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டு பொறியாளர்கள் வடிவமைக்கிறார்கள். அந்த வேகம் இருந்தால்தான் மணலும் மலமும் தங்காமல் போகும். டைல்ஸைத் தேர்ந்தெடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், குழாய் பதிக்கும் நாளில் மட்டம் பார்க்கும் கொத்தனாரின் பக்கத்தில் நிற்பதில்லை. அன்று அரை மணி நேரம் நின்றிருந்தால், பிறகு முப்பது வருடம் பிளம்பரைத் தேட வேண்டியிருக்காது.

இனி எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த, பிடித்தது என்று சொல்லவும் தயங்கவைக்கும், ஒரு விந்தை. பழைய கான்கிரீட் கழிவுநீர்க் குழாய் எங்கே அரித்திருக்கும்? அழுக்கு ஓடும் அடிப்பக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அரிப்பது மேற்கூரை. தண்ணீரே படாத இடம்!

நீர் மெதுவாக ஓடினால் வண்டல் படிகிறது. அதில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். வாயு நீரைவிட்டு வெளியேறிக் கூரையின் ஈரத்தில் கரைகிறது. அங்கே காத்திருக்கும் வேறு வகை நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் சிமென்ட்டைத் தின்கிறது. 1945-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். கீழே ஒரு கூட்டம், மேலே ஒரு கூட்டம், நடுவில் ஒரு வாயு. ஒரு நாள் சாலை திடீரென்று உள்வாங்கும்போது, பல வருடம் இருட்டில் நடந்த இந்த வேலையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இதே வாயுதான் ஆளையும் கொல்கிறது. கொஞ்சமாக இருக்கும்போது மூக்கு எச்சரிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மோப்ப நரம்பு மரத்துப்போகும். உள்ளே இருப்பவர் நாற்றம் விலகிவிட்டது என்று நினைப்பார். அளவு இன்னும் சில மடங்கு ஏறினால், ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தேங்கும். வண்டலைக் கிளறினால், அதுவரை அடங்கிக் கிடந்த வாயு ஒரேயடியாக வெளிவரும். முதலில் இறங்கியவர் சாய, அவரைத் தூக்க இறங்கியவரும் சாய்வது இதனால்தான். கயிறும் துணிச்சலும் இந்த வாயுவின் முன் எதற்கும் உதவாது.

2013-ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. தடை அரசு அமைப்புகளுக்கு மட்டுமல்ல, எந்த நபருக்கும் பொருந்தும். செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடும் வீட்டுக்காரரும் அதில் அடக்கம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை. கழிவுநீர்க் குழியில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏற வேண்டியிருக்கும் அளவுக்குச் சாவு நிற்கவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. கூலி பேசி முடிக்கும்போது நாம் அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

இன்னொன்று. மொட்டைமாடி மழைக்குழாயைச் சேம்பரில் விடும் வழக்கம் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது; அது வேறு குழாய், வேறு பாதை. கழிவுநீர்க் குழாயின் அளவு வீட்டுப் புழக்கத்துக்குப் போட்டது. அதுவும் 1910-இல் நகருக்கான திட்டம் வகுத்தபோது, 1961-இல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். அந்த வருடக் கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கும் மேல். பிறகு எத்தனையோ விரிவாக்கம் நடந்தும், ஒரு தெரு முழுவதன் மாடித் தண்ணீரையும் அதில் இறக்கினால், தெருவிலேயே தாழ்ந்த குளியலறையில்தான் அது பொங்கும். வாசகியின் கஷ்டம் மழைநாளில் அதிகமாகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். ஆமாம் என்றால், மழைக்குழாய் எங்கே போய் முடிகிறது என்று மாடிக்காரர்களோடு சேர்ந்து தேடிப் பார்த்து, அதைக் கிணற்றுக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ திருப்ப வேண்டும்.

வாசகிக்கு நான் சொல்வது: கடைசி சேம்பரைத் திறந்ததும் நாலடி தள்ளி நில்லுங்கள், குனிந்து பார்க்க வேண்டாம். ததும்பி நின்றால் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜெட் ராடிங் வண்டி வரும்வரை மாடி வீடுகளில் துணி துவைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அடைப்பு காம்பவுண்டுக்குள் என்றால், மேலிருந்தபடியே கம்பி விட்டு எடுப்பவரைக் கூப்பிட்டுச் செலவை நான்கு வீடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆளை இறக்குவதாகச் சொன்ன பிளம்பருக்கு இன்றே போன் செய்து, அந்த ஆளை அழைத்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.