சிறுநீரகத்துக்கும் மணி பார்க்கத் தெரியும், தெரியுமா?

ஊரப்பாக்கம், ஜி.எஸ்.டி. சாலை, காலை ஆறு மணி. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவருக்குக் கண் சொருகுகிறது. ஆனால் அவர் முதுகுப் பக்கம், விலா எலும்பை ஒட்டி, இரண்டு பேர் அப்போதுதான் சோம்பல் முறித்து வேலைக்குக் கிளம்புகிறார்கள். யார் தெரியுமா? சிறுநீரகங்கள்!

ஆமாம், அவற்றுக்குச் சொந்தக் கடிகாரம் உண்டு. நாள் முழுக்கப் படுத்தே கிடந்து, மணிக்கு மணி ஒரே அளவாகத் தண்ணீர் குடித்தாலும், பகலில் சிறுநீர் கூடும், இரவில் குறையும். உப்பை வெளியே தள்ளுவதும் பகலில்தான் மும்முரம். ஷிஃப்ட் மாறினால் புது நேரத்துக்குப் பழகப் பல நாள் பிடிக்கும். பழகுவதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்துவிடுகிறது, பாவம்!

எவ்வளவு வேலை தெரியுமா? ஒரு நாளைக்கு வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். வீட்டு வாசலில் வந்து இறங்குமே 20 லிட்டர் கேன், அதில் ஒன்பது! வெளியே வருவதோ ஒன்றரை லிட்டர் சொச்சம். மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே. மாமல்லபுரம் போகும் வழியில், நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அங்கே உறிஞ்சும் நீரில் பாதிக்கு மேல் கடலுக்கே திரும்பிப் போகிறது. நம் ஆள் கைவிடுவது நூற்றுக்கு ஒரு பங்கு!

இரவில் மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனைக் கூட்டிச் சுரந்து, 'தண்ணீரைப் பிடித்து வை' என்கிறது. சில குழந்தைகளுக்கு அது போதிய அளவு ஏறுவதில்லை, பாய் நனைகிறது. அதற்குப் போய்ப் பிள்ளையைத் திட்டுவார்களா!

நோய் வந்தால் இந்தக் கடிகாரமே தலைகீழாகலாம். இதயம் தளர்ந்தவருக்குப் பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்கு ஏறி, நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். டாக்டர் நீர் மாத்திரையைப் பெரும்பாலும் காலையில் போடச் சொல்வது ராத்திரித் தூக்கத்தைக் காப்பாற்றத்தான். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரில் வழிகிறது. இங்கேயும் 180! அதை வேண்டுமென்றே வழியவிடும் மாத்திரைகளும் வந்துவிட்டன. மூலம் எது தெரியுமா? 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்த ஒரு பொருள்!

மருந்தும் இந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. பெனிசிலினைச் சிறுநீரகம் அவ்வளவு வேகமாக வெளியே தள்ளும். 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில், மருந்து தீரத் தீர, நோயாளியின் சிறுநீரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து மறுபடி ஊசி போட்டார்கள்.

நம் ஊர்க் கதை இன்னும் பிரமாதம். மின்ரயிலில் தாம்பரம் சானடோரியத்தைத் தாண்டுகிறோமே, காசநோய்க்கு அப்படி ஒரு சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தே ஆக வேண்டும் என்று நம்பிய காலம். சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதாதா என்று சோதித்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள்! வாய் பொய் சொல்லலாம், அது சொல்லாது. வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குச் சளைத்ததல்ல என்று 1959இல் வெளியான முடிவு, உலகம் காசநோயைப் பார்த்த விதத்தையே மாற்றியது.

வேடந்தாங்கல் மரங்கள் வெள்ளையடித்தது போல நிற்கின்றனவே, அது என்ன தெரியுமா? பறவைகளின் சிறுநீர்தான்! யூரிக் அமிலமாகக் கெட்டியாக வருகிறது. டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளுக்குச் சிறுநீரகம் நின்று, இந்த அமிலம் வெளியேற முடியாமல் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாகப் படிந்தது. கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. மனிதர் முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அதே மருந்து! நமக்கு அந்தக் கதி இல்லை; ஆனால் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் தினம் தினம் விழுங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, அவர் கேட்காவிட்டாலும் இரண்டு கணக்கை நீங்களே சொல்லிவிடுங்கள்: வலி மாத்திரை எத்தனை போட்டீர்கள், ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள்.