கட்டிடம் வைத்தியம் பார்க்காது!

சேலத்திலே 1986-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. மோகன் குமாரமங்கலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சேலத்திலிருந்து 1997-இல் தனி மாவட்டமாகப் பிரிந்த நாமக்கல்லுக்கும் 2022-இல் மருத்துவக் கல்லூரி கிடைத்தது. மகிழ்ச்சிதான்! லாரி ஓட்டும் தோழருக்கும், பள்ளிபாளையத்திலே தறி ஓட்டும் தோழருக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஊர் ஊராய்ப் போகும் தோழருக்கும், நோய் வந்தால் புகலிடம் சர்க்கார் ஆஸ்பத்திரிதானே!

ஆனால் கட்டிடமா வைத்தியம் பார்க்கும்? கல்லும் சுவருமா கை பிடித்து நாடி பார்க்கும்?

டாக்டர் பற்றாக்குறை என்கிறார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிலே டாக்டர்கள் படித்து வெளிவரும் தமிழகத்திலே டாக்டருக்கா பஞ்சம்? இல்லை, சர்க்கார் ஆஸ்பத்திரியிலே நிலைத்து நிற்கும் டாக்டருக்குத்தான் பஞ்சம்! ஏன் நிற்கவில்லை? ஏறிச் செல்லப் படி சரியாக இல்லை.

மத்திய சர்க்கார் டாக்டருக்கு 4, 9, 13, 20 ஆண்டுகள் என்று பணிக்காலத்தையொட்டி உயர்வு உண்டு; மேலே இடம் காலியாகட்டும் என்று காத்துக் கிடக்க வேண்டியதில்லை. தமிழகத்திலும் காலமுறை உயர்வுக்காக 2009-இல் 354-ஆம் எண் அரசாணை பிறந்தது. பத்தாண்டு கழித்து, 2019 அக்டோபர் 25 அன்று, அந்த ஆணைப்படி ஊதியத்தை உயர்த்துக என்று கேட்டு டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நவம்பர் 1 வரை நீடித்தது போராட்டம். நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப டாக்டர் பணியிடங்கள் வேண்டும், மேற்படிப்பிலே அரசு டாக்டர்களுக்குப் பாதி இடம் வேண்டும் என்றும் கேட்டார்கள். அப்படி இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டு 31-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கதவு திறந்தது!

“மாலையிலே கிளினிக் வைத்துச் சம்பாதிக்கிறவருக்கு உயர்வு எதற்கு?” என்று கேட்பாருண்டு. தோழர்களே, நாம் கேட்கிறோம்: பதினைந்து ஆண்டு உழைத்தவருக்கு, மேலே இடம் காலியானால்தான் உயர்வு என்று மில் முதலாளி சொன்னால் ஏற்போமா? நமக்கு ஒரு நீதி, டாக்டருக்கு ஒரு நீதியா? மனம் கசந்த டாக்டர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அங்கே அவரைப் பார்க்கப் பணம் படைத்தவன் போவான். நம் தோழர் எங்கே போவார்? ஆள் குறைந்த வார்டிலே வரிசை நீளும். எஞ்சிய டாக்டர் களைப்பார். அவர் மீதே நம் கோபமும் பாயும். நட்டம் யாருக்கு?

உயர்வு கேட்கும் டாக்டருக்கும் கடமை உண்டு. பணி நேரத்திலே அவர் பணியிடத்திலே இருந்தாக வேண்டும். அதை வலியுறுத்தவும் நாம் தயங்கோம்.

சர்க்கார் பள்ளியிலே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பிலே 7.5 சதவிகித இடம் 2020-இல் கிடைத்தது. தறிக்காரன் மகளும் லாரி டிரைவர் மகனும் டாக்டராகிறார்கள். தங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே அவர்கள் வரட்டும். வந்தவர் நிலைத்து நிற்கட்டும்!

மாடி எழுப்பியது போதும். படியைக் கட்டுங்கள்!