கதிர்வீச்சு சொற்பம், கட்டணம் எக்கச்சக்கம்

உயிரியல் ஆய்வகங்களில் டி.என்.ஏ.வைத் தடம் பார்க்கப் பாஸ்பரஸ்-32, உடலுக்குள் போன மருந்து என்னவாகிறது என்று அறிய டிரிட்டியம், கார்பன்-14 போன்ற கதிரியக்க ஐசோடோப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். வேலை முடிந்தபின் மிஞ்சுவது கையுறை, பிப்பெட் முனை, மேசையில் விரித்த உறிஞ்சுதாள், சின்னச் சின்னக் குப்பிகள். இவற்றில் ஒட்டியிருக்கும் கதிரியக்கம் மிகக் குறைவு. ஆனாலும் அப்புறப்படுத்தப் பெருந்தொகை தேவைப்படுகிறது. ஏன்?

புதைக்க இடமில்லை

1979-ல் அமெரிக்கா முழுவதற்கும் இத்தகைய கழிவைப் புதைக்க பார்ன்வெல், பீட்டி, ரிச்லாண்ட் ஆகிய மூன்று இடங்களே இருந்தன. நாட்டின் குப்பையை எல்லாம் தாங்களே சுமக்க முடியாது என்று அவை அமைந்திருந்த மாநிலங்கள் போர்க்கொடி தூக்கின. அவரவர் கழிவுக்கு அவரவர் மாநிலமே பொறுப்பு என்று 1980-ல் சட்டம் வந்தது. ஆனால், புதிய இடம் தர யாரும் முன்வரவில்லை.

1985-ல் சட்டத்தைத் திருத்தி, சொந்தப் புதைகுழி இல்லாத பகுதிகளின் கழிவுக்குக் கூடுதல் கட்டணம் விதித்தார்கள். முதலில் கன அடிக்கு 10 டாலர், 1988-ல் 20, 1990-ல் 40. ஒரு 55 காலன் பீப்பாய் சுமார் 7.4 கன அடி. ஆக, புதைக்கும் கட்டணமும் லாரி வாடகையும் சேராமலேயே பீப்பாய்க்கு ஏறக்குறைய 300 டாலர். கதிரியக்கம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பீப்பாய் அடைக்கும் இடத்துக்கு இந்தப் பணத்தைக் கட்டியாக வேண்டியிருந்தது. 2008-ல் பார்ன்வெல்லும் பெரும்பாலான மாநிலங்களுக்குக் கதவை மூடியது.

காத்திருந்தால் மிச்சம்

பாஸ்பரஸ்-32-ன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 14.3 நாள். பத்து அரை ஆயுள், அதாவது ஐந்து மாதம்கூட ஆகாத 143 நாள், பூட்டிய அறையில் வைத்திருந்தால் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். இயற்கைப் பின்னணி அளவைத் தாண்டிக் கதிரியக்கத்தை அளக்கும் மீட்டர் எதுவும் காட்டாவிட்டால், கதிரியக்க அடையாளச் சீட்டை அகற்றிவிட்டுச் சாதாரணக் கழிவாக அனுப்பலாம். கார்பன்-14-ன் அரை ஆயுளோ 5,730 ஆண்டு. இரண்டையும் ஒரே பையில் போட்டால், காத்திருந்து பயனில்லை. முழுப் பைக்கும் கட்டணம்தான்.

கதிரியக்கத்தை அளப்பதற்காகக் குப்பிகளில் ஊற்றும் டொலுயீன் கலந்த திரவம் இன்னொரு சிக்கல். அது தீப்பற்றக்கூடியது என்பதால் வேதிக்கழிவுச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. தீப்பற்றாத மாற்றுத் திரவங்கள் கிடைக்கின்றன.

புதைகுழிக் கட்டணத்தை ஆய்வகங்கள் நிர்ணயிக்க முடியாது. ஆனால், எதை எந்தப் பையில் போடுவது என்பது அவற்றின் கையில்தான் இருக்கிறது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.