கணினி விழித்தெழும் நேரம்

சென்ற திங்கள் என் பழைய மாணவர் ஒருவர் தியாகதுருகம் கடைத்தெருவில் என்னைக் கண்டு நின்றார். தம் மகள் கல்லூரியில் சேர்ந்திருப்பதாகவும், அவளுக்கு ஒரு மடிக்கணினி வாங்க எண்ணியிருப்பதாகவும் கூறினார். "ஐயா, கடைக்காரர் இரண்டு கணினிகளைக் காட்டுகிறார். ஒன்று பத்து வினாடியில் திறந்துவிடுமாம். மற்றொன்றுக்கு அரை நிமிடம் ஆகுமாம். விலையில் சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு. இருபது வினாடிக்காக அவ்வளவு பணம் கொடுக்கலாமா?" என்று வினவினார். தெருவில் நின்றபடி அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை இன்று உங்கள் முன் வைக்கிறேன், மாணவச் செல்வங்களே.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரே ஒரு வால்வு வானொலிப் பெட்டி இருந்தது. திருகைத் திருப்பியவுடன் அது பேசாது. உள்ளிருக்கும் இழைகள் சூடேறும் வரை அரை நிமிடம் போல நாங்கள் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது, சூடேற வேண்டிய இழை அதில் இல்லை, திருப்பியவுடன் பேசியது. காத்திருக்கும் வேலை அன்றோடு ஒழிந்தது என்றே நினைத்தோம். கணினி வந்து அதனைத் திரும்பவும் கற்பித்தது.

கணினி ஏன் காத்திருக்க வைக்கிறது? வேலை செய்யும்போது தனக்கு வேண்டியவற்றை அது 'ரேம்' என்னும் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. மின்சாரம் நின்றால் அந்நினைவகம் வெறுமையாகிவிடும். ஆதலின் ஒவ்வொரு முறையும் கணினி ஒன்றும் அறியாத நிலையிலிருந்தே எழ வேண்டியிருக்கிறது. அழியாத சில்லு ஒன்றில் எழுதப்பட்டுள்ள சிறு நிரல் முதலில் விழித்து, உறுப்புகளைச் சோதிக்கிறது. பிறகு இயக்க முறைமையைத் தேடி, அதனைச் சிறிது சிறிதாக நினைவகத்துள் ஏற்றுகிறது. தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்னும் ஆங்கில வழக்கிலிருந்தே இதற்குப் 'பூட்' என்று பெயர் வந்தது.

இந்த ஏற்றும் வேலைதான் நேரத்தைத் தின்பது. பழைய கணினிகளில் எல்லாம் சுழலும் வன்தட்டில் இருக்கும். நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. படிக்கும் முனை உரிய இடத்திற்கு நகரவும் வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தட்டின் பல மூலைகளில் சிதறிக் கிடந்தால், அத்தனை முறையும் இக்காத்திருப்பு நிகழும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய சேமிப்பகத்தில் சுழலும் பகுதியே இல்லை. வானொலியில் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது போன்ற மாற்றம் இது.

இவ்விரைவு உண்மையில் பயன் தருவதா? ஒரு கதை உண்டு. 1983-இல் ஆப்பிள் நிறுவனத்தார் மெக்கின்டாஷ் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்டீவ் ஜாப்ஸ், லாரி கென்யன் என்னும் பொறியாளரிடம் அது மிக மெதுவாகத் தொடங்குவதாகக் குறை கூறினாராம். 50 லட்சம் பேர் அதனைப் பயன்படுத்தினால், பத்து வினாடி குறைப்பது நாளொன்றுக்கு 5 கோடி வினாடியை மிச்சப்படுத்தும். அது பல மனித உயிர்களைக் காப்பதற்கு ஒப்பாகும் என்று வாதிட்டாராம். உடன் பணியாற்றிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு இதனைப் பதிவு செய்திருக்கிறார்.

கணக்கு சரியே. 5 கோடி வினாடியை ஓராண்டுக்குப் பெருக்கினால் 578 ஆண்டுகள் வருகின்றன. ஆயினும், கணக்கு ஆசிரியனாகிய என் மனம் இதனை அப்படியே ஏற்க மறுக்கிறது. 50 லட்சம் வீடுகளில் ஒவ்வொரு பிடி அரிசி மிஞ்சினால் மூட்டைகளாகக் கட்டலாம். மிஞ்சிய வினாடிகளை அவ்வாறு ஓரிடத்தில் கொட்டிச் சேர்க்க முடியாது. ஒருவருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதுவும் பத்துப் பத்து வினாடியாக. காலையில் கணினியைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவருக்கு அந்தப் பத்து வினாடி இருந்தாலும் ஒன்றே, இல்லாவிட்டாலும் ஒன்றே.

அப்படியானால் விரைவு வீணா? அதுவுமன்று. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் கணினி அறையில் ஒவ்வொரு கணினியும் எழ நான்கு நிமிடம் ஆயிற்று. என் கைக்கடிகாரத்தால் அளந்தேன். பாடவேளை 40 நிமிடம். வாரத்திற்கு இரண்டு பாடவேளை. ஆண்டுக்கு 40 வாரம் என்று கொண்டால் 320 நிமிடம். அதாவது, எட்டு முழுப் பாடவேளைகள் வெற்றுத் திரையைப் பார்ப்பதிலேயே கழிந்தன! இடைவேளையில் இரு மாணவர் சென்று எல்லாக் கணினிகளையும் திறந்து வைக்குமாறு செய்தேன். ஒரு காசு செலவின்றி இழப்பு நின்றது.

ஆனால் மின்தடைக்கு அந்த வழி உதவவில்லை. கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி, வீட்டில் கணினி இல்லாதவள், ஒருநாள் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். மின்சாரம் போய் வந்தது. எழுதியது போயிற்று. கணினி எழுந்திருக்க நான்கு நிமிடம் கை கட்டி அமர்ந்திருந்தாள். திரை வந்தபோது, "அடுத்து என்ன எழுத நினைத்தேன் என்பதே மறந்துவிட்டது, ஐயா" என்றாள். அன்று அவள் இழந்தது நான்கு நிமிடம் மட்டுமன்று.

இதற்கு விளக்கம் உண்டு. மனிதர் கணினியின் விடைக்கு எவ்வளவு நேரம் பொறுத்திருப்பர் என்று 1968-இல் ராபர்ட் மில்லர் ஆராய்ந்து எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1993-இல் ஜேக்கப் நீல்சன் ஓர் எளிய அளவு கூறினார்: ஒரு வினாடி வரை எண்ண ஓட்டம் அறுவதில்லை, பத்து வினாடியைக் கடந்தால் கவனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே, வேலை தொடங்குமுன் வரும் காத்திருப்பு வேறு. வேலையின் நடுவே வரும் காத்திருப்பு வேறு. முன்னது சிறு தொல்லை. பின்னது சிந்தனையை அறுக்கும் கத்தி.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் உதவியால் சில கணினிகளுக்கு வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். அவை அரை நிமிடத்திற்குள் எழுந்தன. அதற்குப்பின் மின்தடை வந்தபோது பிள்ளைகள் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். அடிக்கடி சேமித்து வைக்கும் பழக்கத்தையும் உடன் கற்பித்தோம். அஃது இல்லாவிடில் எந்த விரைவும் பயன்படாது.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் ஆண்டுகளில் பெற்றவை உங்கள் அண்ணன், அக்காள் வீட்டில் இன்னும் கிடக்கலாம். மெதுவாக எழுகிறதென்று அவற்றை உடனே ஒதுக்க வேண்டா. தொடங்கும்போதே தாமாக ஓடும் வேண்டாத நிரல்களை நிறுத்துங்கள். மற்ற உறுப்புகள் நலமாக இருந்தால் தட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். சிறிது நேரம் எழுந்து செல்வதானால் கணினியை முழுதும் அணைக்காமல் உறங்க வையுங்கள். நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் சென்றுகொண்டிருப்பதால் அது கண் இமைப்பதற்குள் விழித்துக்கொள்ளும்.

இனி என் பழைய மாணவருக்கு விடை: அரை நிமிடத்தைப் பத்து வினாடி ஆக்க ஆயிரங்களைச் செலவிட வேண்டா, அப்பணத்தில் மகளுக்குப் புத்தகம் வாங்கித் தாருங்கள். நான்கு நிமிடத்தை அரை நிமிடம் ஆக்க முடியுமானால், தயங்காமல் செலவிடுங்கள். கணினி எத்தனை வினாடியில் விழிக்கிறது என்பதைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். அது விழித்தபின் நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதை நாமே முடிவு செய்துகொண்டு அதன்முன் அமரவேண்டும்.