தண்ட உதையும் தடுமாறும் கால்களும்

1994ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி, அமெரிக்காவின் பசடேனா நகரில் உலகக்கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டம் நடைபெற்றது. மேலதிக நேரம் முடிந்த பின்னரும் பிரேசிலும் இத்தாலியும் கோல் எதுவுமின்றிச் சமநிலையில் நின்றன. தண்ட உதைகளால் வெற்றியைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. இத்தாலியின் ஐந்தாவது உதைக்காக வந்தவர் ரொபேர்ட்டோ பாஜியோ. முந்தைய ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தெரிவானவர். அச்சுற்றுப்போட்டியில் தமது கோல்களால் இத்தாலியை இறுதியாட்டம் வரை இழுத்து வந்தவர். அவர் உதைத்த பந்து கோலுக்கு மேலாகப் பறந்தது. கிண்ணம் பிரேசிலுக்குச் சென்றது. பாஜியோவுக்கு முன்னரே பரேசியும் மசாரோவும் தவறவிட்டிருந்தனர். எனினும் உலகம் நினைவில் வைத்திருப்பது, இடுப்பில் கைகளை ஊன்றித் தலைகுனிந்து நின்ற அந்த ஒருவரையே.

திறமை இல்லாமையால் அது நிகழவில்லை என்பது வெளிப்படை. அப்படியாயின் எதனால்? களைப்பா, அதிர்ஷ்டக் குறைவா, நெஞ்சுரம் போதாமையா? அரங்குகளிலும் வீட்டுக் கூடங்களிலும் இக்கேள்விக்கு உடனுக்குடன் விடை வழங்கப்படுகின்றது. "பயந்துவிட்டான்" என்பது அவற்றுள் மிக மலிவான விடை. விளையாட்டு உளவியலாளர்கள் இதனைப் பல ஆண்டுகளாக எண்ணிக்கைகளைக் கொண்டும் பரிசோதனைகளைக் கொண்டும் ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றுட் சில, பிள்ளைகளை இந்நாடுகளின் விளையாட்டுக் கழகங்களில் சேர்த்துவிட்டிருக்கும் எம்மவருக்கும் வேண்டியவை என்பதால் இங்கு சற்று விரிவாக நோக்குகின்றோம்.

தண்ட உதை வெளித்தோற்றத்தில் மிக எளியதொரு செயல். பந்துக்கும் கோல் கோட்டுக்கும் இடையே 11 மீற்றர். கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். எதிரே ஒரேயொரு காப்பாளர். நோர்வே நாட்டு ஆய்வாளரான கெயிர் யூர்டெட்டும் அவரது சகாக்களும் 1976 முதல் 2004 வரை உலகக்கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம், தென்னமெரிக்கக் கிண்ணம் ஆகியவற்றில் இடம்பெற்ற 41 தண்ட உதைத் தொடர்களை ஆராய்ந்தனர். மொத்தம் 409 உதைகள். எத்தனை நிமிடம் விளையாடிக் களைத்திருந்தார் என்பது உதையின் முடிவோடு பெரிதாகத் தொடர்புபடவில்லை. வீரரின் திறமைக்கு ஓரளவு தொடர்பு இருந்தது. இவை எல்லாவற்றையும் விட வலுவாக வெளிப்பட்டது, அந்த உதையில் எவ்வளவு தங்கியிருந்தது என்பதே.

2008இல் வெளியான மற்றோர் ஆய்வு இதனை மேலும் கூர்மையாகக் காட்டிற்று. "இது கோலானால் நாம் வென்றோம்" என்ற நிலையில் உதைக்கப்பட்டவற்றுள் 92 வீதமானவை கோலாயின. "இது தவறினால் நாம் தோற்றோம்" என்ற நிலையிலோ அவ்வீதம் ஏறத்தாழ 60 ஆக வீழ்ந்தது. பந்து அதே பந்து, தூரம் அதே தூரம். வீரர்களும் அதே தரத்தினர். தோல்வியின் விளிம்பில் நிற்பவர்களிடம் இரண்டு நடத்தைகள் கூடுதலாகக் காணப்பட்டன: காப்பாளரின் பார்வையைத் தவிர்த்துத் திரும்பி நடத்தல், நடுவரின் ஊதல் ஒலித்த மறுகணமே ஓடிச்சென்று உதைத்தல். எப்படியாவது முடித்துவிட்டு அவ்விடத்தைவிட்டு அகலவேண்டும் என்ற தவிப்பின் அடையாளங்கள் இவை.

தவிப்பு ஏன் காலைத் தடுமாறச் செய்கின்றது? இதற்கு விடை தேடிய ஆய்வுகளுள் எமக்கு மிகவும் பிடித்தமானது, அமெரிக்க உளவியலாளரான சியான் பைலொக் தமது சகாக்களுடன் 2002இல் வெளியிட்டது. (2023இல் டார்ட்மத் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்றவர் இவரே.) தேர்ந்த உதைபந்தாட்ட வீரர்களையும் புதியவர்களையும் வரிசையாக நடப்பட்ட கூம்புகளுக்கு ஊடாகப் பந்தைத் தட்டிச் செல்லுமாறு பணித்தனர். ஒரு முறை, ஒலிநாடாவில் கேட்கும் சொற்களில் குறிப்பிட்ட ஒன்று வந்தால் அதனைத் திருப்பிச் சொல்லவேண்டும். அதாவது கவனம் வேறிடத்தில் இருக்கும். மற்றொரு முறை, ஒலியொன்று எழும் வேளையில் பாதத்தின் எப்பக்கம் பந்தைத் தொட்டது என்பதைச் சொல்லவேண்டும். அதாவது கவனம் முழுவதும் பாதத்தில் இருக்கும்.

பாதத்தையே கவனித்தபோது புதியவர்கள் மேம்பட்டனர். தேர்ந்தவர்களோ தமது பழகிய வலது காலால் முன்னையதிலும் மோசமாகச் செய்தனர்! அதே தேர்ந்த வீரர்களைப் பழகாத இடது காலால் செய்யவிட்டபோது, புதியவர்களைப் போன்றே கவனம் அவர்களுக்கும் துணைபுரிந்தது.

கற்கத் தொடங்குபவர் ஒவ்வோர் அசைவையும் எண்ணியே செய்கின்றார். ஆயிரம் முறை செய்தபின் அது எண்ணத்தின் உதவியின்றித் தானே நிகழ்கின்றது. அழுத்தம் மிகும் வேளையில் மனம் அச்சங்கொண்டு, தனக்கு வேலையில்லாத இடத்தில் மேற்பார்வை செய்யப் புகுந்துவிடுகின்றது. படிக்கட்டில் இறங்கும்போது எந்தக் கால் எந்தப் படியில் என்று எண்ணிப்பார்த்தால் இடறுவோமல்லவா? அதுவே மைதானத்திலும் நிகழ்கின்றது. பிரித்தானியாவில் றிச் மாஸ்ரர்ஸ் 1992இல் வெளியிட்ட கோல்ஃப் ஆய்வும் இதே திசையையே காட்டிற்று. விதிகளை மனனஞ்செய்து கற்றவர்கள், விதிகளை அறியாமலே கைப்பழக்கத்தால் கற்றவர்களைக் காட்டிலும் அழுத்தத்தின்கீழ் இலகுவில் குலைந்தனர். அவர்களிடம் மீட்டுப்பார்ப்பதற்கு விதிகள் இருந்தன என்பதே காரணமாகக் கொள்ளப்பட்டது.

இவ்விடத்தில் எமது பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சனி, ஞாயிறுகளில் மைதான ஓரத்தில் நின்று "உள்ளங்காலால் அடி, முழங்காலை மடி, தலையைக் குனி" என்று பிள்ளைக்கு ஓயாது கட்டளையிடும் தந்தையர் எம்மிடையே அதிகம். தாயகத்தில் தமக்குக் கிட்டாத வாய்ப்பைப் பிள்ளையாவது பெறவேண்டும் என்ற ஏக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆறு வயதில் பந்தைத் தொடும் பிள்ளைக்கு இக்கட்டளைகள் உதவவும் கூடும். ஆனால் எட்டு ஆண்டுகள் பயின்ற பிள்ளைக்கு, அதுவும் ஆட்டத்தின் இறுதி நிமிடத்தில், அவை பாதத்தை எண்ணிப்பார்க்கச் செய்யும் ஒலிகளேயன்றி வேறில்லை. நுட்பத்தைத் திருத்துவதற்குப் பயிற்சி நாட்கள் இருக்கின்றன.

பரீட்சை மண்டபத்தையும் இத்தோடு சேர்த்துப் பேசலாமா? ஓரளவே பேசலாம். கணிதத்தில் பொறி வேறு. அங்கு தேவைப்படுவது எண்ணமே. அச்சமும் கவலையும் அந்த எண்ணத்துக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பைலொக்கின் ஆய்வொன்றில், கடினமான கணக்குகளில் அழுத்தத்தால் வீழ்ச்சியடைந்தோர் எண்ணத்தில் பலவற்றை ஒருங்கே தாங்கும் ஆற்றல் மிக்க மாணவர்களே. நன்றாகப் படிக்கும் பிள்ளை பரீட்சையில் சறுக்கினால் "சோம்பேறி" என்று தீர்ப்பளிப்பவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும். அகதி விண்ணப்ப விசாரணையில் சொந்தக் கதையைச் சொல்லத் திணறும் எம்மவரின் நிலையை இவ்வாய்வுகளால் விளக்க முற்படுவதோ பொருந்தாது. அங்கு பட்ட துன்பம், மொழிபெயர்ப்பு, நினைவின் சிதைவு எனப் பலவும் கலந்துள்ளன.

மீண்டும் மைதானத்துக்கு வருவோம். "தண்ட உதை ஒரு குலுக்குச்சீட்டு, எல்லாம் அதிர்ஷ்டம்" என்று கூறும் வீரர்களும் பயிற்றுநர்களும் உளர். யூர்டெட் குழுவினர் பெரும் சுற்றுப்போட்டியொன்றில் தண்ட உதைத்த வீரர்களை நேர்கண்டு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முடிவு தமது கையில் இல்லை என்று கருதியவர்களிடமே தீங்கு விளைக்கும் பதற்றம் கூடுதலாக இருந்தது. தலைவிதி என்று நம்புவது மனப்பாரத்தைக் குறைக்கும் என எம்மவர் சொல்வதுண்டு. இங்கு அது பாரத்தைக் கூட்டியிருக்கின்றது.

உதைப்பவர் மட்டுமல்ல, காப்பாளரும் மனத்தின் பிடியிலேயே நிற்கின்றார். இஸ்ரேலிய ஆய்வாளர் பார்-எலியும் சகாக்களும் 286 தண்ட உதைகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, உதைகளில் 28.7 வீதம் கோலின் நடுப்பகுதிக்கே வந்தன. காப்பாளர்கள் நடுவில் நின்றதோ 6.3 வீதமான வேளைகளில் மட்டுமே. நின்றபோது மூன்றிலொரு பங்கு உதைகளைத் தடுத்தனர். பாய்ந்தபோது தடுத்தது அதன் பாதியிலும் குறைவு. பின் ஏன் பாய்கின்றனர்? சும்மா நின்று கோல் வாங்கினால் ஏச்சு. பாய்ந்து வாங்கினால் "முயன்றான்" என்ற பெயராவது மிஞ்சும்.

இவ்வாய்வுகளின் பயன் நடைமுறையில் வெளிப்பட்டதற்கு இங்கிலாந்தின் கதை நல்லதொரு சான்று. 1990 முதல் 2012 வரை பெரும் சுற்றுப்போட்டிகளில் அந்நாடு ஏழு முறை தண்ட உதைத் தொடருக்குச் சென்று ஆறு முறை தோற்றது. ஊதல் ஒலித்ததும் மிக விரைவாக ஓடி உதைப்பவர்கள் இங்கிலாந்து வீரர்களே என்று யூர்டெட் கண்டிருந்தார். 1996இல் வெம்பிளி அரங்கில் ஜேர்மனிக்கு எதிரான அரையிறுதியில் தவறவிட்டவர் கரத் சவுத்கேற். பின்னர் அவரே தேசிய அணியின் முகாமையாளரானார். அணியோடு உளவியலாளர் ஒருவர் சேர்க்கப்பட்டார். தண்ட உதை அதிர்ஷ்டமல்ல, பழகக்கூடிய ஒன்று என்று வீரர்களுக்குச் சொல்லப்பட்டது. அவசரப்படாமல் மூச்செடுத்து உதைக்கப் பழக்கப்பட்டனர். 2018 ஜூலை 3ஆம் திகதி மொஸ்கோவில் கொலம்பியாவை 4-3 என வென்றனர். உலகக்கிண்ணத்தில் தண்ட உதைகளால் இங்கிலாந்து பெற்ற முதல் வெற்றி அது.

ஆயினும் எந்தப் பயிற்சியும் தோல்வியை முற்றாக விரட்டுவதில்லை. 2021 ஜூலை 11ஆம் திகதி வெம்பிளியில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். இத்தாலியிடம் தண்ட உதைகளில் இங்கிலாந்து 2-3 எனத் தோற்றது. தவறவிட்ட மூவர் மார்க்கஸ் ராஷ்ஃபோர்ட், ஜேடன் சாஞ்சோ, புகாயோ சாக்கா. மூவரும் கறுப்பின இளைஞர்கள். நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த சாக்காவுக்கு அப்போது வயது 19. அவ்விரவே மூவர்மீதும் இனவெறி வசைகள் கொட்டப்பட்டன. கோல் அடித்தால் "எங்கள் பிள்ளை", தவறவிட்டால் "வந்தேறியின் பிள்ளை". இந்த வழக்கை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டிய தேவையில்லை. உதைப்பவர்களைத் தெரிவுசெய்தது தாமே, பொறுப்பும் தமதே என்று சவுத்கேற் பகிரங்கமாகக் கூறினார்.

தனது இனத்தைப் பற்றிய ஏளனம் மெய்ப்பட்டுவிடுமோ என்ற அச்சமே ஆற்றலைக் குறைக்கும் என்றொரு கருத்து உளவியலில் உண்டு. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கோல்ஃப் பரிசோதனையை "விளையாட்டு அறிவைச் சோதிப்பது" என்று அறிமுகப்படுத்தியபோது கறுப்பினத்தவர் குறைவாகச் செய்தனர். "இயற்கையான உடலாற்றலைச் சோதிப்பது" என்றபோது வெள்ளையர் குறைவாகச் செய்தனர். இக்கருத்தை வகுப்பறைகளில் பெருமளவில் சோதித்த பிந்திய ஆய்வுகள் சிலவற்றில் எதிர்பார்த்த விளைவு தோன்றவில்லை. ஆகவே இதனை முடிந்த முடிபாக நாம் கொள்ளவில்லை. சாக்காவின் காலை அந்த இரவில் எது தடுத்தது என்று எந்த ஆய்வாலும் சொல்லிவிட முடியாது. இத்தாலியின் காப்பாளர் சரியான பக்கம் பாய்ந்தார் என்பதும் மறக்கக்கூடியதன்று.

2024 ஜூலை 6ஆம் திகதி ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதி. சுவிற்சர்லாந்து முன்னணியில் இருந்த வேளை, 80ஆவது நிமிடத்தில் சமநிலைக் கோலை அடித்தவர் சாக்கா. ஆட்டம் மீண்டும் தண்ட உதைக்குச் சென்றது. இங்கிலாந்தின் மூன்றாவது உதைக்கு நடந்து வந்தவரும் அவரே. பந்து வலைக்குள் சென்றது. ஐந்து உதைகளும் கோலாக, இங்கிலாந்து 5-3 என வென்றது.