அடுமனையில் ஓர் ஆய்வகம்

நுழையும்முன்

நாள்தோறும் விருப்பத்துடன் செய்யும் வேலையிலும் விடை காணாத வினாக்கள் உள்ளன. ‘இஃது ஏன் இவ்வாறு நிகழ்கிறது?’ எனக் கேட்டுச் சோதித்துப் பார்க்கும்போது அவ்வேலையே ஆய்வாகிறது. ரொட்டி சுடுவோரும் அறிவியலாளரும் இணைந்து விடை தேடிய வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

புளிமாவு

கோதுமை மாவையும் நீரையும் கலந்து சில நாள்கள் வைத்தால், அக்கலவை தானே நுரைத்துப் புளிக்கும். இதனைப் புளிமாவு எனலாம். இதில் வாழும் ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு மாவை உப்பச் செய்கிறது. பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் புளிப்பைத் தருகிறது. நாம் தயிருக்கு உறைமோர் எடுத்து வைப்பதைப்போல, ரொட்டி சுடுவோர் ஒவ்வொரு முறையும் சிறிது புளிமாவை எடுத்துவைத்துப் புது மாவும் நீரும் சேர்த்து வளர்த்து வருவர்.

ஊரின் சுவையா?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் புளிப்பு ரொட்டிக்குப் பெயர் பெற்றது. அந்நகரின் காற்றும் பனிமூட்டமுமே அச்சுவைக்குக் காரணம் எனப் பலர் நம்பினர். லியோ கிளைன், பிராங்க் சுகிஹாரா ஆகிய ஆய்வாளர்கள் அந்நகர அடுமனைகளின் புளிமாவை ஆராய்ந்து, 1971இல் முடிவுகளை வெளியிட்டனர். அதிலுள்ள பாக்டீரியா மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையை உண்கிறது. உடன்வாழும் ஈஸ்ட் அதனைத் தொடாமல் பிற சர்க்கரைகளை உண்கிறது. உணவுக்குப் போட்டியின்மையால் இரண்டும் நெடுங்காலம் இணைந்து வாழ்கின்றன. அந்தப் பாக்டீரியாவுக்கு நகரின் பெயரே சூட்டப்பட்டது. ஆனால், பின்னாளில் அஃது ஐரோப்பியப் புளிமாவுகளிலும் காணப்பட்டது. ஊருக்கே உரியது என்ற நம்பிக்கை தளர்ந்தது.

கையின் பங்கு

அவ்வாறாயின், ஒருவர் புளிமாவு மற்றொருவருடையதிலிருந்து வேறுபடுவது ஏன்? உயிரியலாளர் ராப் டன்னும் குழுவினரும் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். பல நாடுகளைச் சேர்ந்த 15 ரொட்டிக் கலைஞர்களுக்கு ஒரே வகை மாவு வழங்கப்பட்டது. அவரவர் இடத்தில் வளர்த்த புளிமாவுடன் அவர்கள் பெல்ஜியத்தில் கூடினர். மாவு ஒன்றே ஆயினும் புளிமாவுகள் வேறுபட்டிருந்தன. அவர்களின் கைகளையும் ஆராய்ந்தபோது வியப்பு காத்திருந்தது. சிலர் கைகளிலிருந்த பாக்டீரியாக்களுள் பாதிக்கும் மேற்பட்டவை புளிமாவில் வாழும் இனங்களைச் சார்ந்தவை! பிசையும் கை மாவை மாற்றுவதுபோல, மாவும் கையை மாற்றியிருந்தது.

அடுத்து, நான்கு கண்டங்களிலிருந்து பெறப்பட்ட 500 புளிமாவுகள் ஆராயப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஆர்வலர்கள் தம் வீடுகளில் வளர்த்து அனுப்பியவை. 2021இல் வெளிவந்த முடிவின்படி, நுண்ணுயிர்களின் வேறுபாட்டில் நிலப்பகுதியின் பங்கு மிகக் குறைவே.

வினாவே தொடக்கம்

இவ்வாய்வுகளில் ரொட்டி சுடுவோர் பொருளை மட்டும் வழங்கவில்லை. பல்லாண்டுப் பட்டறிவையும் வழங்கினர். அறிவியல் அதற்கு ஒரு நெறியைத் தந்தது. மாவு முதலியவற்றை மாற்றாமல் வைத்து, ஒன்றனை மட்டும் மாற்றி விளைவைக் காண்பதே அந்நெறி. நீண்டநாள் நம்பிக்கை பொய்த்தபோதும் அவர்கள் வருந்தவில்லை. தம் தொழிலை முன்னிலும் நன்கு அறிந்துகொண்டனர். விருப்பம் வினாவை எழுப்பும்; பொறுமையான சோதனை விடையைத் தரும்.